மதிய பஸ்ஸுக்கு ஆள் சேர்த்த மாதம்

கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே போகும் ரோட்டின் கடைசியில், பஸ் திரும்பி நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே எங்கள் வீடு. அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததற்குக் காரணமே பஸ்தான். அதற்கு முன்னால் சேலையூரில் இருந்தோம். என் கணவர் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் டயர் பஞ்சராகி, வண்டியை ஓரம் கட்டி ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தவரை ஒரு பைக் வந்து இடித்தது. பைக்கில் வந்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இவருக்குத் தொடை எலும்பு இரண்டாகப் போய், உள்ளே கம்பி வைத்தார்கள். வேன் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நான் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். இவரைத் தூக்கி உட்காரவைக்கவும் குளிக்கவைக்கவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்ததால் அதை விட்டேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற வருமானத்தில் சேலையூர் வாடகை கட்ட முடியவில்லை.

புது வீட்டு ஓனர் அந்த ஊரின் பூர்வ குடி. அவருடைய அப்பா நெல் போட்ட நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. மிச்சமிருந்த துண்டில் வரிசையாக ஒற்றை அறை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முன்னால் அவருடைய மளிகைக் கடை. வீடு பார்க்கப் போனபோது அறையைக்கூட அவர் சரியாகத் திறந்து காட்டவில்லை. ரோட்டைக் கைகாட்டி, "வாசல்லயே பஸ்ஸு. லேடீஸுக்கு ஃப்ரீ. வேற என்ன வேணும்?" என்றார். எனக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. மதியத்துக்கு முன்னால் ஒரு பஸ், மதியத்துக்குப் பின்னால் ஒரு பஸ். முதல் பஸ்ஸில் போய் இரண்டாவதில் வந்துவிடலாம்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வாடகை குறைவென்று இங்கே வந்தவர். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் காலையில் பாத்திரம் தேய்த்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்புவார். வேலையில்லாத நாளில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். பஸ்ஸில் எந்த சீட்டில் குலுக்கல் குறைவு, எந்தப் பக்கம் வெயில் படும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் நாளே என் கணவரைக் காலை நீட்டி உட்காரும்படி ஒரு சீட்டில் உட்காரவைத்து, "இது உங்க சீட்டு சார். எவனாச்சும் குந்திகினு இருந்தா எயுந்திரிக்கச் சொல்லுங்க. நானு இருக்கேன்" என்றார். என்னை அன்றிலிருந்து டீச்சர் என்றே கூப்பிட்டார்.

அந்த வாழ்க்கை பழகிவந்த நேரத்தில்தான் ஒரு நாள் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, அடுத்த வாரத்திலிருந்து மதியம் வண்டி வராது என்றார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவுதான். ரிட்டயர் ஆன டிரைவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லையாம். இருக்கிறவர்களை வைத்துக் கூட்டம் ஏறுகிற ரூட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். மேலே எல்லா இடத்திலும் செலவைக் குறைக்கிறார்கள் என்றார். அவரும் அதை வருத்தமாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் ஏற்கெனவே தெருக்குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. அதற்கும் பணம் ஒதுக்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். நினைத்த நேரத்தில் லாரியில் தண்ணீர் வரும், வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர், இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்றார். ஷேர் ஆட்டோவில் கூடுவாஞ்சேரி போய், அங்கிருந்து இன்னொன்று மாறி, திரும்பவும் அதே மாதிரி வருவதென்றால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கணுக்காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கச் சொல்வார்கள். இவர் கடையிலிருந்து உப்பு பாக்கெட்டுகளை வாங்கி, துண்டில் முடிந்து காலில் கட்டிக்கொண்டார். சிறிது நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், உப்பு மூட்டையோடு காலை நீட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் ஊறுகாய் ஆகிவிடுவார், வா டிப்போவுக்குப் போய்க் கேட்போம் என்றார்.

நான் அதுவரை எந்த அலுவலகத்திலும் போய் எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடங்களில் என் கணவர்தான் பேசுவார். அக்காவோ, எங்கே போனாலும் வீட்டுத் தெருவில் நடப்பது போல நடப்பவர். டிப்போவில் கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றபோது, காவலாளி எதற்கு என்று கேட்டார். "பஸ்ஸு காணாம பூடுச்சு, அத்தத் தேடிகினு வந்தோம்" என்றார் அக்கா. காவலாளி சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டார்.

மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் என் கணவரின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மதிய வண்டி காலியாகத்தான் ஓடுகிறது என்றார். இரண்டு மூன்று பேருக்காக அவ்வளவு தூரம் வண்டி விடுவது இப்போது இருக்கிற நிலைமையில் முடியாது என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. மதியத்தில் பஸ்ஸில் நாங்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்போம். ஊரில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் காலையிலேயே போய்விடுவார்கள். வீட்டிலிருக்கிறவர்களுக்கு மதியத்தில் எங்கே போக வேண்டியிருக்கிறது?

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சரி சார். ஆளு ஏறுனா வுடுவீங்களா?"

"ஏறினா விடலாம்மா. எங்கேர்ந்து ஏறுவாங்க?"

"அது எங்க பேஜாரு. நீங்க ஒரு மாசம் வண்டிய வுடுங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மாதம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கிறேன், கூட்டம் வந்தால் மேலே எழுதுகிறேன், வராவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். இடையில் ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்காவிடம், இவ்வளவு பேரை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டேன். "பஸ்ஸு ஃப்ரீ. பொம்பளைங்க ஊருல நெறைய கீறாங்க. அப்பறம் இன்னா?" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான்.

மறுநாள் வீடு வீடாகப் போனோம். இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. யாரும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கே போவது என்று கேட்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள், வயதானவர்கள், வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தாம்பரம் தாண்டாதவர்கள் பலர். கூடுவாஞ்சேரி தாண்டாதவர்களும் இருந்தார்கள். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்கு என்றால் போவார்கள். காரணமில்லாமல் கிளம்பிப் போவது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. உண்மையில் எனக்கும் புரியவில்லை. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நானும் வீடு விட்டால் பள்ளி, பள்ளி விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்றுதான் இருந்தேன்.

அதனால் காரணத்தை நாங்களே உண்டாக்கினோம். எங்களோடு வருவதற்காக அக்கா அந்த மாதம் விடுதியில் அடிக்கடி லீவு போட்டார். முதல் நாள் தாம்பரம் மார்க்கெட். காய்கறி மலிவு என்று சொல்லிக் கூட்டிப்போனோம். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து யாருக்காவது விசேஷமா என்று கேட்டார். இரண்டாவது முறை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் மேல் நின்று ரயில் பார்த்தோம். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் ஒரு பக்கம், தெற்கே போகிற பெரிய ரயில் ஒரு பக்கம். கீழே ஓடுகிற ரயிலின் கூரையை யாரும் அதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. மெத்து மெத்தென்று அழுக்குப் படிந்திருக்கிறதே, இதை யார் கழுவுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அதைப் பற்றியே வீடு வரும் வரை பேசிக்கொண்டு வந்தோம்.

என் கணவர் பிசியோதெரபி நாட்களில் எங்களோடு வருவார். பயிற்சி முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் கூட்டமாக அவருக்காகக் காத்திருப்போம். பிசியோதெரபி டாக்டர் ஒரு நாள் அவரிடம், இவ்வளவு பேரும் உங்கள் சொந்தக்காரர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கிறார் என்றார். பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து கிளட்சைப் பற்றியும் கியரைப் பற்றியும் பேசிக்கொண்டே வருவார். வீட்டில் உப்பு மூட்டையோடு படுத்திருந்தபோது நாள் முழுவதும் நான்கு வார்த்தை பேசாத மனிதர்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். சிறுசேரியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் இரவு ஷிப்டில் தரை துடைக்கும் வேலை. சாயங்காலம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிவதற்குள் கொண்டுவந்து விடும். பகலெல்லாம் தூங்குவாள். அவளை நாங்கள் கூப்பிடவே இல்லை. அவளாகவே ஒரு நாள் வந்து, என் லீவு நாளில் நான் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன், வருவீர்களா என்று கேட்டாள். எங்கே என்றால் சொல்லவில்லை.

வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் பஸ் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி, அவள் எங்களை இறக்கிய இடம் அவளுடைய கம்பெனி வாசல். எங்களில் சிலருக்கு ஏமாற்றம், கடற்கரை என்று நினைத்திருந்தார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, நான் இங்கேதான் வேலை செய்கிறேன், எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காட்ட வந்தேன், உள்ளே வர மாட்டோம் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் மர நிழலைக் காட்டி அங்கே நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் கேன் இருக்குமிடத்தையும் காட்டினார்.

அவள் விரலை நீட்டிக் கீழிருந்து மாடிகளை எண்ணிக்கொண்டே போனாள்.

"அதோ, அந்த ஆறாவது மாடி முழுக்க என்னுது" என்றாள். பிறகு அதையே அண்ணாந்து பார்த்தாள். "நான் இதைப் பகல்ல பார்த்ததே இல்லக்கா. கண்ணாடில வானம் இப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது."

நாங்களும் பார்த்தோம். மேகம் ஒன்று ஆறாவது மாடியிலிருந்து ஏழாவது மாடிக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். செக்யூரிட்டிக்கும் ஒரு கை கொடுத்தோம். திரும்பி வரும்போது அந்தப் பெண் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கடற்கரை என்று நினைத்து வந்தவர்கள்கூட அதன் பிறகு அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

இப்படிக் கூட்டம் சேர்ந்து வந்தபோது வீட்டு ஓனர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், முகம் சரியில்லை.

"என்ன டீச்சர், ஊரையே தாம்பரத்துக்கு ஓட்டிட்டுப் போறீங்க. வெங்காயத்துலேர்ந்து சோப்பு வரைக்கும் அங்கேயே வாங்கிட்டு வந்துடறாங்க. நான் கடையைத் திறந்து வெச்சு ஈ ஓட்டறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய் வந்த பைகள் அவர் கடை முன்னால்தான் இறங்கும். நான் முன்பென்றால் சாரி சார் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். இரண்டு மூன்று வாரமாக வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் வாய் வந்திருந்தது. வீடு பார்க்க வந்தபோது நீங்கள் எனக்குக் காட்டியது பஸ்ஸைத்தான் என்றேன். அது நின்றால் நான் இங்கே இருக்க முடியாது, அக்காவும் வேலைக்குப் போய் வர முடியாது, வரிசையில் பாதி வீடு காலியாகிவிடும், அப்புறம் வருகிறவருக்கு என்ன காட்டுவீர்கள் என்று கேட்டேன். ஒரே மூச்சில் முழுதாகச் சொல்லிவிட்டேன்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். நாங்கள் ஓனரம்மா என்று கூப்பிடுவோம். நல்ல வசதியான இடம், வீட்டில் கார் நிற்கிறது, எங்களோடு அதிகம் பேசியதில்லை.

மறுநாள் பஸ் வந்து நின்றபோது ஓனரம்மா பட்டுப் புடவையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நின்றார். எங்கே போகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் போகிற இடத்துக்கு என்றார். ஏறத் தெரியாமல் முதல் படியில் இரண்டு காலையும் வைத்து நின்றுவிட்டார். அக்கா பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார். டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து நீட்டினார், பெண்களுக்குக் கிடையாது என்று கண்டக்டர் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டலூர் வரும் வரை அந்த இலவச டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னல் ஓரம் காற்று முகத்தில் அடித்து முடி கலைந்ததும் அதைச் சரிசெய்யவில்லை.

"கார்ல கண்ணாடிய ஏத்திடுவார். எங்க போறோம்னே தெரியாது. வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும்" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. எங்கே போவது என்ற திட்டம் எல்லாம் மெல்ல அவர் கைக்குப் போய்விட்டது. பெருங்களத்தூரில் ஒரு கோயில், தாம்பரத்தில் ஜாக்கெட் துணி விற்கும் தெரு, ஒரு நாள் எங்கள் சர்ச். சர்ச்சுக்குள் எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று வாங்கினோம். வெளியே வந்ததும், உங்கள் கோயிலில் உட்கார நல்ல பெஞ்சு இருக்கிறது என்று பாராட்டினார்.

மாதம் முடிகிற வாரத்தில் ஒரு நாள். பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அதற்கு முன் பல நாட்களாக லாரி வரவில்லை. எல்லா வீட்டிலும் குடம் காலி. பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற பெண்கள் அத்தனை பேரும் அப்படியே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரியைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன். குழாயில் குடத்தை வைத்த நேரத்தில் பஸ் வந்து திரும்பி நின்றது. அதிலிருந்து காக்கிப் பேன்ட்டும் கையில் பையுமாக ஒருவர் இறங்கினார். கண்டக்டர் அவருக்குப் பின்னால் நின்று, எங்களைப் பார்த்துக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினார். செக்கிங் இன்ஸ்பெக்டர்.

பஸ் நிறுத்தத்தில் என் கணவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நாட்களில் அவர் கைத்தடி இருந்தால் நன்றாகவே நடப்பார். வீட்டுப் படி ஏறி இறங்குவார். ஆனால் அன்று பஸ் படியில் அவர் ஏறியதை நான் லாரிப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தடியை மேலே வைத்தார். யோசித்தார். கீழே எடுத்தார். வலது காலை வைத்தார், வலிக்கிறது என்பது போல முகத்தைச் சுளித்து மறுபடியும் இறங்கினார். இன்ஸ்பெக்டர் போய்க் கையைப் பிடித்தார். இவர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, எலும்பு முறிந்த கதையை ஜாக்கி போட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

இங்கே லாரியில் ஒரே தள்ளுமுள்ளு. குடத்தை விட்டுப் போனால் இனி எப்போது தண்ணீர் வருமோ. பஸ்ஸை விட்டால் அதோடு போயிற்று. அப்போதுதான் ஓனர் கடையை விட்டு வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியின் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குடத்தை எல்லாம் இங்க வெச்சுட்டுப் போங்க. நான் பிடிச்சு அவங்கவங்க வாசல்ல வெக்கறேன். போங்க, போங்க" என்றார்.

நாங்கள் குடத்தைப் பிடித்தபடி நின்றோம். ஓனரம்மாதான் முதலில் சுதாரித்து, "அந்தப் பச்சைக் குடம் டீச்சருது, மாத்தி வெச்சுடாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே நாங்கள். எல்லோருக்கும் முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது. ஒருவர் நிரம்பிய குடத்தை விட மனமில்லாமல் இடுப்பில் வைத்தபடியே ஏறிவிட்டார். என் கணவர் அப்போதும் முதல் படியில்தான் இருந்தார், ஆபரேஷன் வரைக்கும் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், இப்போது பரவாயில்லை சார் என்று சொல்லி விறுவிறுவென்று ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஏறி முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். நின்றுகொண்டும் ஆட்கள் வந்தார்கள். பஸ் தரையெல்லாம் தண்ணீர். எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஆளுக்கொரு இடம் சொன்னார்கள், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கோயில், பேத்தி வீடு. குடம் வைத்திருந்தவரிடம் வந்தபோது அவர் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா குறுக்கே பேசினார்.

"இன்னா சார் பண்றது, தண்ணி லாரியும் பஸ்ஸும் ஒரே நேரத்துக்கு வருது. ரெண்டும் வேணும் சார் எங்களுக்கு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குடத்தை வாங்கி, சாயாதபடி சீட்டுக்கு அடியில் வைத்தார். கூடுவாஞ்சேரியில் இறங்கிப் போய்விட்டார். அவர் முகத்தை வைத்து எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று தாம்பரத்தில் யாரும் எங்கேயும் போகவில்லை. புடவை காயட்டும் என்று ஸ்டேஷன் பக்கத்தில் வெயிலில் நின்றோம். நடந்ததை ஆளுக்கு ஒரு முறை சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் குடங்கள் நிரம்பி, தட்டுப் போட்டு மூடியிருந்தன. இரண்டு குடம் மட்டும் இடம் மாறியிருந்தது. ஓனர் சட்டை மாற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் நடக்காதது போல.

மாதம் முடிந்து நானும் அக்காவும் டிப்போவுக்குப் போனோம். இந்த முறை காவலாளி எதற்கு என்று கேட்கவில்லை. மேலாளர் எங்களை உட்காரவைத்துவிட்டு, பாதி நல்ல செய்திதான் இருக்கிறது என்றார். மதியத்தில் இரண்டு முறை வண்டி வந்து போவதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. டிரைவர்கள் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது. மதியத்துக்கு முன்னால் போகிற ஒன்றையும், அதே வண்டி சாயங்காலம் நான்கு மணிவாக்கில் திரும்புவதையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

விடுதியில் வேலை முடிந்து சாயங்காலம் வரை அக்கா காத்திருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை. ஆனால் அக்கா கணக்குப் போடாமலே ஒத்துக்கொண்டார். விடுதியில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துத் தேய்த்தால் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதைச் செய்துவிட்டு வருகிறேன் என்றார். வெளியே வந்ததும் டிப்போ வாசலில் எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை இருப்பதால் அவர் குடிக்க மாட்டார், நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கேட்டோம், ஒண்ணு குட்தான். சும்மா குந்திகினு இருந்தா அதுவும் கெடைச்சிருக்காது" என்றார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. என் கணவருக்கு பிசியோதெரபி முடிந்துவிட்டது. பொத்தேரியில் ஒரு கல்லூரியின் பஸ்களுக்கு டீசல், சர்வீஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. அந்த இடம் காலியாக இருப்பதைச் சொன்னது மதிய பஸ் டிரைவர்தான். தெருக்குழாய் மோட்டார் இன்னும் சரியாகவில்லை. ஓனரம்மா அதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. டியூஷன் பிள்ளைகள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது அந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். தாம்பரத்தில் இறங்கினால் திரும்பும் பஸ் வரும் வரை நிறைய நேரம் கையில் இருக்கிறது, அதை யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் ஓனரம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கே போகிறோம் என்று எங்களில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. கண்டக்டர் வந்து, எங்கேம்மா என்று கேட்டார்.

"நீ எதுவரைக்கும் போறியோ அதுவரைக்கும் குடுப்பா" என்று சொல்லிவிட்டு, ஓனரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.